தேய்ந்த கத்தியின் விலை

பழம்பொருளுக்கு விலை கூறுவோர், பொருளைப் பார்ப்பதற்கு முன்பு அதைக் கொண்டுவந்தவரின் முகத்தைப் பார்க்கின்றனர். மும்பை சோர் பஜாரில், மட்டன் தெருவிலுள்ள ஒரு சிறு கடையில், 2022ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு நாள் என் முகமும் அவ்வாறு பார்க்கப்பட்டது. என் கையில், கைக்குட்டையில் சுற்றிய சவரக்கத்தி ஒன்று இருந்தது. அதனுடன் ஒரு கதையையும் கொண்டு சென்றிருந்தேன். கத்தி மெய்யானது, கதை நான் கட்டியது.

நாங்கள் முப்பது ஆண்டுகளாகக் குடியிருந்த கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டுவது என்று முடிவாயிற்று. வீடு மாறுவதற்காகப் பரண்மேலிருந்த தகரப் பெட்டியை இறக்கியபோது, என் தந்தையாரின் அடைப்பம் அகப்பட்டது. அடைப்பம் என்பது சவரத் தொழிலாளர் தம் கருவிகளை வைத்துக்கொள்ளும் தோற்பை. இச்சொல்லை இன்றைய பிள்ளைகள் அறியார். அறிந்தவர்களும் வாய்விட்டுச் சொல்வதில்லை. உள்ளே ஒரு தீட்டுக்கல், வெடித்துப்போன தோல்வார், பித்தளைக் கிண்ணி, கல்லாய் இறுகிய படிகாரத் துண்டு, இந்தக் கத்தி ஆகியன இருந்தன. "இப்படிப்பட்ட கத்திகளை வெளிநாட்டில் ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்குகிறார்கள், அப்பா. யாரிடமாவது காட்டிப் பாருங்கள்" என்றான் என் மகன்.

அவனிடம் நான் சொல்லி வைத்திருந்த கதை இது: அவன் பூட்டனாருக்கு, விக்டோரியா மகாராணி காலத்தில், ஆங்கிலேயத் துரை ஒருவர் பரிசாகக் கொடுத்த கத்தி. பூட்டனார் என்ன தொழில் செய்தார் என்று அவன் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு விடை வைத்திருந்தேன். "கிராமத்தில் வைத்தியம் பார்த்தார்" என்று சொல்லியிருப்பேன். அது முழுப் பொய்யும் அன்று. நாட்டுப்புறங்களில் எங்கள் குலத்து ஆண்கள் கட்டி கீறி மருந்து வைத்தவர்கள். பெண்கள் மகப்பேறு பார்த்தவர்கள். மருத்துவர், மருத்துவச்சி என்னும் பெயர்கள் எங்களுக்கு வந்தது அதனாலேதான். ஆயினும் மெய்யின் ஒரு பாதியை மட்டும் எடுத்துக் காட்டுவதற்குக் கதை என்றுதான் பெயர்.

கடைக்காரர் எண்பது வயதை நெருங்கியவர். கைக்குட்டையை விரித்தார். கத்தியைத் திறக்காமலே சிறிது நேரம் உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். பிறகு திறந்து, அலகும் பிடியும் கூடுமிடத்திலுள்ள கழுத்துப் பகுதியைச் சன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "சவரக்கத்தியின் சாதகம் அதன் கழுத்தில் எழுதியிருக்கிறது, சாஹேப்" என்றார் அவர்தம் பம்பாய் இந்தியில்.

கழுத்தில் மங்கலாக ஒரு கிரீடம். அதன் இருபுறமும் ஜி, ஆர் என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகள். கீழே ஜோசப் ராட்ஜர்ஸ் அண்டு சன்ஸ் என்ற பெயர். அதன் கீழ் ஷெஃபீல்டு, இங்கிலாந்து. மறுபுறத்தில் ஒரு விண்மீனும் ஒரு மால்ட்டாச் சிலுவையும் இருந்தன. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரம் கத்திக்குப் பெயர் போனது. அங்குள்ள கத்தித் தொழிலாளர் சங்கம் 1624ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் நிறுவப்பட்டது. ஒவ்வொரு பட்டறைக்கும் உரிய முத்திரையைப் பதிந்து காப்பது அதன் கடமைகளுள் ஒன்று. விண்மீனும் சிலுவையும் 1682 முதற்கொண்டு வழங்கிவந்த முத்திரை.

"இது விக்டோரியா மகாராணி காலத்தது அல்லவா?" என்றேன். கதையின் முதல் இழையை நானே அவர் கையில் கொடுத்தேன்.

அவர் தலையை அசைத்தார். விக்டோரியாவின் காலத்துக் கத்தியானால் கிரீடத்தின் பக்கத்தில் வி, ஆர் என்று இருக்கும். அவருக்கு முன்பு 1830 முதல் 1837 வரை ஆண்ட நான்காம் வில்லியம் காலத்ததானால் டபிள்யூ, ஆர். ஜி என்பது ஜார்ஜ் மன்னரைக் குறிக்கும். ஜார்ஜ் என்ற பெயரில் ஆறு மன்னர்கள் இருந்தனர். 1830இல் மறைந்த நான்காம் ஜார்ஜ் காலத்ததாக இருந்தால் இக்கத்தி மிகப் பழையது, விலையும் பன்மடங்கு. ஆனால் நாட்டின் பெயர் அதற்கு இடம் கொடுக்கவில்லை. அயல்நாட்டுச் சரக்குகளில் உற்பத்தி நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890இல் சுங்கச் சட்டம் இயற்றியது. அது நடைமுறைக்கு வந்த பிறகே ஷெஃபீல்டுக் கத்திகளில் நகரத்தின் பெயரோடு இங்கிலாந்து என்ற பெயரையும் பொறிக்கும் வழக்கம் பரவிற்று. ஆகவே இந்த ஜார்ஜ், 1910இல் அரியணை ஏறிய ஐந்தாம் ஜார்ஜாகவோ 1936இல் வந்த ஆறாம் ஜார்ஜாகவோதான் இருக்க முடியும். ஒரு கிரீடம், இரண்டு எழுத்து, ஒரு நாட்டின் பெயர் ஆகிய மூன்றையும் கொண்டு என் கதையிலிருந்து அரை நூற்றாண்டை அவர் கழித்துவிட்டார்.

அடுத்து அலகின் அமைப்பைப் பார்த்தார். பழைய கத்திகள் குறுக்குவெட்டில் ஆப்புப் போலக் கனத்திருக்கும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இருபுறமும் குடைந்து சாணை பிடிக்கும் முறை நன்கு வளர்ந்தது. ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்தார் அதில் கைதேர்ந்தவர்கள். அவ்வாறு குடைந்த அலகை விரல்நகத்தின் மேல் மெல்ல அழுத்தினால் கூர்முனை சற்றே வளைந்து கொடுக்கும். தோல்வாரில் தீட்டினால் ஒருவகை ஓசை எழும். தீட்டும் ஓசையைக் கொண்டே இது எந்தக் கத்தி என்று என் தந்தையார் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். சிறுவயதில் நான் காலையில் கண்விழித்தது அந்த ஓசையைக் கேட்டுத்தான். அதைக் கடைக்காரரிடம் சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.

பிறகு பிடி. பிடியைக் கண்டறிவது எப்படி என்று, தம் கண்ணாடிப் பெட்டியிலிருந்து உடைந்த துண்டுகளை எடுத்துக் காட்டியே விளக்கினார். எலும்பில் நுண்ணிய கரும்புள்ளிகள் தெரியும். தந்தத்தின் வெட்டுமுகத்தில் வலைபோலக் குறுக்குக் கோடுகள் ஓடும். கொம்பு ஏடு ஏடாகப் பிளக்கும், பூச்சியும் அரிக்கும். செல்லுலாய்டைத் துணியால் அழுத்தித் தேய்த்தால் கற்பூர வாடை வரும். அது கற்பூரம் கலந்து செய்த பொருள். நாள்பட்ட செல்லுலாய்டு சிதைந்து, அதிலிருந்து எழும் ஆவி அலகையே அரித்துவிடும். என் கத்தியின் பிடி எருமைக் கொம்பு. ஷெஃபீல்டில் பொருத்தியது அன்று. இங்கே யாரோ அரத்தால் கையாலேயே இழைத்துப் பித்தளைக் கம்பியை ஆணியாக அடித்திருந்தனர்.

கடைசியாக அலகின் முதுகைப் பார்த்தார். அங்கேதான் வெகுநேரம் நின்றார்.

சவரக்கத்தியைத் தீட்டும் முறையை அறியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சமையலறைக் கத்தியைப் போல இதைச் சாய்த்துப் பிடித்துத் தீட்டுவதில்லை. கல்லின்மேல் கத்தியைப் படுக்கவைத்து, முதுகும் கூரும் ஒருங்கே கல்லில் படும்படி இழுக்க வேண்டும். கூர் தேயும்போது முதுகும் உடன் தேயும். அதனால் கூரின் கோணம் மாறுவதில்லை. ஆகவே ஒரு கத்தி எத்தனை முறை கல்லைக் கண்டது என்பதை முதுகே சொல்லிவிடும். புதுக்கத்தியின் முதுகில் தேய்மானப் பட்டை மயிரிழை போல இருக்கும். என் கத்தியில் அது இருபுறமும் நெல்லின் அகலத்துக்குத் தட்டையாகியிருந்தது. அலகின் அகலத்தை அங்குலத்தை எட்டாகப் பகுத்துக் கணக்கிடுவது இத்துறை வழக்கம். ஆறு பங்கு அகலத்தோடு பிறந்திருக்கக்கூடிய அலகு, நான்கு பங்குக்கும் குறைவாகத் தேய்ந்திருந்தது.

"நடுவில் குழி விழவில்லை, பாருங்கள்" என்றார். "கை தெரியாதவர் தீட்டினால் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து வாய் வளைந்துவிடும். இது அடியிலிருந்து நுனிவரை ஒரே சீராகத் தேய்ந்திருக்கிறது. கழுத்தின் அடிப்புறம் விரல் பட்டுப் பட்டு வழவழப்பாகிவிட்டது. பிடி உடைந்தபோது கத்தியை எறியாமல் பிடியை மாற்றியிருக்கிறார்கள். தன் முகத்தைத் தானே மழித்துக்கொண்ட துரையின் கத்தி இவ்வளவு தேயாது, சாஹேப். இது பிறர் முகத்தை மழித்தவரின் கத்தி. யாருடையது?"

தெருவில் கைவண்டி ஒன்று போய்க்கொண்டிருந்தது. அது கடந்து போகும்வரை காத்திருந்தேன்.

"என் தகப்பனாருடையது, பாய். தாராவியில் சலூன் வைத்திருந்தார்" என்றேன்.

நாற்பது ஆண்டுகளில் வெளியார் ஒருவரிடம் நான் இதைச் சொன்னது அதுவே முதல் முறை.

என் தந்தையார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து 1948இல் பம்பாய்க்கு வந்தார். ஊரில் எங்கள் பாட்டனார் வீடு வீடாகச் சென்று பின்கட்டில் நின்று தொழில் செய்தவர். அறுவடைக் காலத்தில் களத்தில் அளந்துவிடும் நெல்லே அவர் ஊதியம். அளப்பவர் மனம் போல அளவும் அமையும். முடி திருத்திக்கொள்பவர் நாற்காலியில் உட்கார்ந்து, எழும்போது காசு கொடுத்துவிட்டுப் போகும் ஓர் ஊர் இருக்கிறது என்று கேள்விப்பட்டே தந்தையார் ரயிலேறினார். முதலில் வேறொருவர் சலூனில் கூலிக்கு இருந்தார். ஊர்க் கொல்லர் அடித்துக் கொடுத்த நாட்டுக்கத்திதான் கையில் இருந்தது. 1952இல் இதே சோர் பஜாரில், பழைய சாமான்களின் நடுவே இந்தக் கத்தியைக் கண்டு, பதினெட்டு ரூபாய்க்குப் பேசி, மூன்று தவணையில் பணம் கட்டி வாங்கினார். இதை என் தாயார் எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். துரையைப் புகுத்தியவன் நான்.

தாராவியில் தகரக் கூரையின்கீழ் இரண்டு நாற்காலி போட்ட கடையை வைத்துக்கொண்டு எங்கள் நால்வரையும் அவர் படிக்க வைத்தார். மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளியில் படித்து, கல்லூரிக்குப் போய், 1973இல் நான் வங்கியில் சேர்ந்தேன். வங்கிக்காரனாகிய நான் பின்னொரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கடையில் வேறு கத்திகளும் இருந்தன. இக்கத்தியின் பங்கு நாளுக்கு ஆறு முகம் என்றும் ஆண்டுக்கு முந்நூறு நாள் என்றும் குறைத்துக் கொண்டாலும், முப்பத்தெட்டு ஆண்டுகளில் அறுபத்தெட்டாயிரம் முகங்களுக்கு மேல் ஆகிறது. என் கல்லூரிச் சம்பளம் எத்தனை முகம் என்று கணக்கிட எனக்கு மனம் வரவில்லை.

அந்நாளில் நான் உறுப்பினனாக இருந்த ஒரு தமிழ் மன்றத்தின் பொங்கல் விழாவில், 1983ஆம் ஆண்டு, கட்டுரைப் போட்டியில் எனக்குப் பரிசு கொடுத்தனர். என் தந்தையார் சலவை வேட்டி கட்டிக்கொண்டு வந்து நான்காம் வரிசையில் அமர்ந்திருந்தார். அவர் யார் என்று நான் எவருக்கும் சொல்லவில்லை. மேடையில் ஒருவர், பேச்சின் சுவைக்காக, எங்கள் குலத்தின் பெயரை வைத்து வழங்கும் பழமொழி ஒன்றைச் சொன்னார். அரங்கம் சிரித்தது. மேடையிலிருந்த நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே நான்காம் வரிசையைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தம் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் விடியற்காலையில் வழக்கம்போலத் தோல்வாரின் ஓசை கேட்டது. அதற்குப் பின் அவர் எந்த விழாவுக்கும் வந்ததில்லை.

1986இல் சென்னையில் எய்ட்சு நோய்க்கிருமி முதன்முதலாகக் கண்டறியப்பட்ட பிறகு, ஒரே கத்தியால் பலருக்கு மழிப்பதைப் பற்றிய அச்சம் மெல்ல மெல்ல நகரங்களில் பரவிற்று. ஆளுக்கு ஒரு புது பிளேடு மாற்றும் கத்திகள் வந்தன. 1990 வாக்கில் தந்தையாரும் அதற்கு மாறினார். "அதுதான் சரி, ஒருத்தர் நோவு ஒருத்தருக்குப் போகக்கூடாது" என்றார். ஷெஃபீல்டுக் கத்தியை எண்ணெய் தடவி அடைப்பத்தில் வைத்தார். 1996இல் காலமானார்.

கடைக்காரர் தேநீர் வரவழைத்தார். பிறகு நேர்மையாக விலை சொன்னார். "ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு மேல் கொடுக்க முடியாது. இதே கத்தி, பெட்டியும் பழைய பிடியும் இருந்து கல்லில் படாமல் இருந்தால், பத்து மடங்கு கேட்பேன். சேகரிப்பவர்களுக்கு உழைக்காத கத்திதான் வேண்டும்" என்றார். எந்தத் தேய்மானம் எங்கள் நால்வரையும் கரையேற்றியதோ, அந்தத் தேய்மானத்துக்காகத்தான் விலையிலிருந்து ஒன்பது பங்கு கழிந்தது. சந்தையின் கணக்கில் அது சரியே. அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. கத்தியை மீண்டும் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டேன். அவரும் வற்புறுத்தவில்லை; எழுந்து வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

பின்னர் இப்பொருள் பற்றித் தேடிப் படித்தபோது, நான் எதிர்பாராத இடத்தில் நம் நாடு வந்தது. தென்னிந்தியாவில் மட்கலங்களில் உருக்கிய எஃகு பண்டைக் காலத்திலேயே பெயர் பெற்றது. நொய்யலாற்றங்கரையில் கொடுமணல் அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்கள் கிடைத்துள்ளன. ஐரோப்பியர் 'வூட்ஸ்' என்று அழைத்த அந்த எஃகின் மாதிரிகளை, இதே பம்பாயிலிருந்த மருத்துவர் ஹெலினஸ் ஸ்காட் 1794இல் இலண்டனிலிருந்த ஜோசப் பேங்க்ஸுக்கு அனுப்பினார். அங்கே ஜேம்ஸ் ஸ்டோடர்ட் என்னும் கத்தி செய்பவர் அதில் கருவிகள் செய்து பார்த்து வியந்தார். பின்னர் மின்னியலில் புகழ்பெற்ற மைக்கேல் ஃபாரடே அவருடன் சேர்ந்து அந்த எஃகை ஆராய்ந்தார். உருக்கில் வேறு உலோகங்களைக் கலந்து செய்த சோதனைகளை இருவரும் 1820இலும் 1822இலும் வெளியிட்டனர். நல்ல சவரக்கத்திக்கு ஏற்ற உருக்கைத் தேடுவதும் அம்முயற்சியின் நோக்கங்களுள் ஒன்று. என் தந்தையார் ஷெஃபீல்டுக் கத்தியை வியந்து வாங்கினார்; ஷெஃபீல்டின் நாட்டார் ஒருகாலத்தில் நம் உலைக்களத்து எஃகை வியந்து பார்த்தனர். என் பாட்டனாருக்கு நாட்டுக்கத்தி அடித்துக் கொடுத்த ஊர்க் கொல்லரின் பெயர் எந்த முத்திரையிலும் இல்லை.

இம்மலரைப் படிக்கும் அன்பர்கள் சிலர் வீட்டிலும் இத்தகைய கத்தி பெட்டியின் அடியில் கிடக்கலாம். அவர்களுக்குச் சில சொற்கள். கழுத்திலுள்ள எழுத்துகளை முதலில் படியுங்கள். துருவைப் போக்குகிறேன் என்று உப்புத்தாள் கொண்டு தேய்த்து அந்த எழுத்தை அழித்துவிடாதீர்கள். தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்காதீர்கள். அவர் சக்கரம் காய்கறிக் கத்திக்கு ஏற்றது, இதன் குடைவைக் கெடுத்துவிடும். மெல்லிய எண்ணெய் தடவி உலர்ந்த இடத்தில் வையுங்கள். பிடி செல்லுலாய்டானால் காற்றுப் புகாத பெட்டியில் அடைக்காதீர்கள். தந்தமோ ஆமையோடோ ஆனால் விற்கவும் வாங்கவும் முற்படாதீர்கள்; 1972ஆம் ஆண்டு வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பிற்காலத் திருத்தங்களும் அவ்வாணிகத்தைத் தடுக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, அது யார் கையிலிருந்தது என்பதை ஒரு தாளில் எழுதி அதனுடன் வையுங்கள். முத்திரையிலிருந்து செய்தவரின் பெயரைக் கண்டுபிடித்துவிடலாம். பிடித்தவரின் பெயரை நாம்தான் சொல்ல வேண்டும்.

அன்று மாலை என் மகனையும் பேத்தியையும் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பொங்கல் விழாவில் சிரித்ததையும் சொன்னேன். மகன் வெகுநேரம் பேசவில்லை. பேத்தி மட்டும், "தாத்தா, அந்தச் சத்தம் எப்படி இருக்கும்?" என்று கேட்டாள். வெடித்த தோல்வாரைக் கதவின் தாழ்ப்பாளில் மாட்டி, கத்தியை நான்கு முறை மேலும் கீழும் இழுத்துக் காட்டினேன். பழைய ஓசை வரவில்லை. தோலில் உயிரில்லை, என் கையிலும் அந்தப் பழக்கமில்லை. எனினும் அவள் காதைச் சாய்த்துக் கேட்டாள்.

இச்சங்கத்தின் மலர்க்குழுவினர் கட்டுரையுடன் என்னைப் பற்றிய குறிப்பு ஒன்றும் கேட்டிருந்தனர். முந்தைய மலர்களில் 'ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி' என்று மட்டும் எழுதி வந்தேன். இம்முறை அதற்கு முன்னால், 'தாராவிச் சவரத் தொழிலாளி ஒருவரின் மகன்' என்று சேர்த்து அனுப்பியிருக்கிறேன். அச்சுப்பிழையின்றி வெளிவர வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.